விளிம்பில பல்லு வைச்ச எம்பனாடா

கரியில வேகிற இறைச்சிப் புகையும், உள்ளியும் வினாகிரியும் சேர்த்த பச்சை சோஸ் மணமும்... சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் தலைமயிர் முழுக்க அதுதான். அம்மா கேட்டால், "கஃபேயில சமைக்கிற மணம்" எண்டு சொல்லுவன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

தொண்ணூறுகளின்ரை தொடக்கம். எங்கட வீட்டில முதல் டிகிரி எடுத்த ஆள் நான். ஆனா இன்டர்வியூவுக்குப் போய் இருந்தால் வாய் திறக்காது. ஒரு ஒபிஸ் வேலை கிடைக்கும் மட்டும் கம்டன் சந்தையில ஒரு ஆர்ஜென்டினாச் சாப்பாட்டுக் கடையில நிண்டன்.

நாலு வாங்கு, ஒரு கரியடுப்பு, பேக் பண்ண ஒரு அவண், வாசலில எப்பவும் கியூ. அங்கை மாட்டிறைச்சிதான் ராசா. எங்கட குசினிக்குள்ள அந்தச் சொல்லே வராது. அதாலதான் வீட்டில சொல்லேல்லை.

கடைக்காரி மார்த்தா. நான் ஓடரைச் சொன்னால், "அடுப்புக்குக் காது கேளாது, கத்திச் சொல்லு!" எண்டுவா. எனக்கு ஏலாது. துண்டில எழுதி நீட்டுவன்.

கை வேலையில மட்டும் நான் கெட்டிக்காரி. எம்பனாடா எண்டது பார்க்க எங்கட கொழுக்கட்டைதான்... வட்ட மாவுக்குள்ள உள்ளுடன் வைச்சு மடிச்சு மூடுறது. மார்த்தா இறைச்சியை எனக்குத் தாறேல்லை, சீஸ் மட்டும்தான். சீஸ் எண்டால் விளிம்பை மடிச்சு மடிச்சுப் பல்லு வைக்க வேணும். இறைச்சி எண்டால் முள்ளுக்கரண்டியால அமத்த வேணும். வெந்த பிறகு விளிம்பைப் பார்த்துத்தான் எது எதெண்டு பிரிச்சு விக்கிறது.

ஒருநாள் இறைச்சி மடிக்கிற ஆள் வரேல்லை. "இண்டைக்கு மட்டும்" எண்டு மார்த்தா கேட்டா. மறுக்கவும் வாய் வரேல்லை. உள்ளுடனைப் பார்க்காமல் முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு மடிச்சன்.

மத்தியானம், கியூவில சிவஞானம் மாமாவும் மாமியும்! ஆர்ச்வே முருகன் கோயில்ல திருநீறு குடுக்கிறவர். அப்பாவின்ரை கூட்டாளி. நான் அவணுக்குப் பின்னால குனிஞ்சிட்டன்.

"சீஸ் மட்டும்தானே? மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லையே?" எண்டு ஆங்கிலத்தில கேட்டார் மாமா.

"விளிம்பைப் பாருங்கோ, சீஸ்தான்" எண்டு புதுத் தட்டில இருந்து முதலாவதை எடுத்துக் குடுத்தா மார்த்தா.

நானும் பார்த்தன். அந்தத் தட்டு முழுக்கப் பல்லு. காலமை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மடிச்ச தட்டு... கை தனக்குத் தெரிஞ்சதைச் செய்திருக்கு. உள்ளுக்க மாடு.

மாமா கடைசி வாங்கில போய் இருந்திட்டார். பேப்பரைப் பிரிச்சு ஊதினார். கத்தினால் நான் பிடிபடுவன். கத்தாட்டி...

"மாமா! சாப்பிடாதேங்கோ! அது மாடு!"

பக்கத்துக் கடையில சப்பாத்து வித்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். மாமாவின்ரை கை வாய்க்கிட்ட அப்பிடியே நிண்டிட்டுது.

"நடராசான்ரை மகளெல்லே நீ? இங்கை என்ன செய்யிறாய்?"

"வேலை செய்யிறன், மாமா. பிழை என்ரைதான்... அப்பாட்டை நானே சொல்லுறன்."

மாமி சிரிச்சா. "கோயில்ல வாயே திறக்காத பிள்ளை! இந்தத் தொண்டையை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனி?"

மார்த்தா அந்தத் தட்டு முழுக்க வேற கூடைக்கு மாத்திப்போட்டு, என்ரை கையில இருந்த பேனையைப் பறிச்சா. "இனி எழுதுறேல்லை. ஓடரை நீதான் கூப்பிடுறாய்."

பின்னேரம் அப்பாட்டைச் சொன்னன். ஒண்டே ஒண்டுதான் கேட்டார்.

"சிவஞானம் கடிச்சவனோ?"

"இல்லை."

"அப்ப சரி."

அந்த வருசமே ஒரு இன்டர்வியூவில, மூண்டு பேருக்கு முன்னால, அடுப்புக்குக் கேட்கிற குரலில பதில் சொன்னன். வேலை கிடைச்சுது. இண்டைக்கு நாற்பது பேருக்கு முன்னால மைக் இல்லாமல் கதைப்பன்.

போன கிழமை அந்தச் சந்தைக்குப் போனன். கண்ணாடிக் கதவு, போனில ஓடர், இறைச்சி இல்லாத பெட்டியெல்லாத்திலும் பச்சை இலை ஸ்டிக்கர். நல்லதுதான்... பிழை வராது. ஆரும் ஆருக்கும் கத்தத் தேவையுமில்லை.

சீஸ் எம்பனாடா ஒண்டு வாங்கினன். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எண்டாலும் விளிம்பைத் தடவிப் பார்த்துத்தான் கடிச்சன்.