மரை சேராத போல்ட்

எங்கள் அண்ணன் ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே விவசாயக் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார். மீசை அரும்பும் முன்பே தகப்பனாரை இழந்து, புதுக்கோட்டை லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து, ஆத்தாவையும் தம்பியையும் என்னையும் காப்பாற்றினார். கோபம் வந்தால் பேசமாட்டார்; ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு பெரிய வீட்டுச் சாமான்கள் விலைக்கு வந்தன. அப்படி ஒரு வீட்டில் கோழி அடைந்து கிடந்த சீமைக் காரை அண்ணன் வாங்கி வந்தார். "கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் ஆத்தா" என்றார். கதவும் மெத்தையும் சரியாயின. போல்ட்தான் பெரும்பாடு. யுத்த ஏலத்தில் வந்த அமெரிக்க ஜீப் போல்ட்கள் கடைத்தெருவில் கொட்டிக் கிடந்தன. பார்வைக்கு அதே தடிமன். இரண்டு சுற்று ஏறி முரண்டு பிடிக்கும். திருகு மரை வேறு; சீமை மரையும் அமெரிக்க மரையும் சேராது. ஸ்டியரிங்குக்கு ஒரே ஒரு போல்ட் பாக்கி. சென்னைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

நம் சனத்துக்குக் காத்திருக்கத் தெரியுமா? தன் மகனின் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு போல்ட் வரணும் பெரியப்பா."

"நாள் குறிச்சாச்சுப்பா. ஜீப் போல்ட்டுலயே நூலைச் சுத்தி இறுக்கு. நல்ல நாள்ல ஒண்ணும் ஆகாது."

அண்ணன் ஸ்பானரைத் துடைத்தார். மூன்றாம் நாள் நூலைச் சுற்றி இறுக்கினார். பெரியப்பா இதைப் படிப்பார், படிக்கட்டும்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று காரில் பூச்சரம் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை ஏறப்போனார்.

"யாரும் ஏறாதீங்க. கண்மாய்க் கரை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாரேன்" என்றார் அண்ணன்.

"பூக் கட்டுன கார் காலியாப் போகக் கூடாதுப்பா" என்று பெரியப்பா கதவைப் பிடித்தார். அண்ணன் அவர் கையை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. கரை வளைவில் ஸ்டியரிங் சுற்றியது, சக்கரம் திரும்பவில்லை. மாப்பிள்ளை இன்று நன்றாக இருக்கிறார். பாவி அண்ணன்தான் இல்லை.

கண்மாய்க்குள் குதித்து அவரைத் தூக்கி வந்தவர்களுக்கும், கட்டுமாவடியிலிருந்து வண்டி கட்டி வந்து துக்கத்தில் நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. சரியான போல்ட்டை அனுப்பிய சென்னைக் கடைக்காரருக்கும் நன்றி. அது கருமாதியன்று தபாலில் வந்தது. அவர் என்ன செய்வார்?

தம்பி அதை வாங்கி வைத்துக்கொண்டான். இதை எழுதும்போது, கண்மாயிலிருந்து இழுத்து வந்த கார் நிற்கும் கொட்டகையில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. ஆத்தா காலையிலிருந்து சோற்றைத் தொடவில்லை. சொந்தபந்தங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காரை வெளியே எடுக்க நல்ல நாள் கேட்டு அவன் உங்கள் வீட்டுக்கு வருவான். யாரும் குறித்துக் கொடுக்காதீர்கள்.