தோல்வி என்று ஒலித்த புத்தகம்

என் கணவர் இறந்த அடுத்த வருடம் அது நடந்தது. லண்டனில், இல்ஃபோர்ட் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பிளாட்டில் தனியாக இருந்தேன். மகள் வேலை காரணமாக பர்மிங்ஹாம் போய்விட்டாள். பகல் முழுக்க டிவியை ஓடவிட்டிருப்பேன். பார்ப்பதற்கல்ல, வீட்டில் ஏதாவது குரல் கேட்க வேண்டுமே என்றுதான்.

எதிர் வீட்டில் ஹொங்கொங்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி. என் வயதுதான், அவரும் தனி. இரண்டு பேருடைய ஆங்கிலமும் அரைகுறை. ஆனாலும் பின்னேரங்களில் தேத்தண்ணீர் குடித்தபடி ஏதோ பேசிச் சமாளித்துவிடுவோம். அநேகமாக அன்றைக்கு நான் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

அவருக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரியில் பொழுது போகட்டும் என்று பூக்களின் படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தை வாங்கி, அழகாகச் சுற்றி, அவர் புறப்படுகிற காலையில் கொண்டுபோய் நீட்டினேன். சுற்றியிருந்தும் புத்தகம் என்று கண்டுபிடித்துவிட்டார். முகம் வெளிறி, கைகளைப் பின்னுக்கு இழுத்து, "நோ, நோ" என்று கதவைச் சாத்திவிட்டார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மகளுக்கு போன் எடுத்து அழுதேன்.

"அம்மா, அவைக்கு ஏதும் பழக்கம் இருக்கும். மனசில வச்சிருக்காதேங்கோ."

"என்ன பழக்கம்? புத்தகம் குடுக்கிறது ஒரு குற்றமே?"

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அந்தக் கதவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கோபம் ஒரு பக்கம். இவரும் திரும்பி வராவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வந்தார். மெலிந்துபோய், சுவரைப் பிடித்தபடி என் வாசலில் நின்று அந்தப் புத்தகத்தைக் கேட்டார். பிறகுதான் விளங்கப்படுத்தினார். அவர்களுடைய பாஷையில் புத்தகமும் 'ஷூ'வாம், தோற்பதும் 'ஷூ'வாம். நான் முதலில் செருப்பைப் பற்றிப் பேசுகிறார் என்றல்லவா நினைத்தேன்! வெல்ல வேண்டிய காரியத்துக்குப் போகிறவரிடம் புத்தகம் கொடுத்தால், தோல்வியைக் கையில் கொடுத்து அனுப்புவது மாதிரியாம். ஆனால் அதே 'ஷூ'வோடு வாசனை என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால், தலைமுறை தலைமுறையாகப் படிக்கிற குடும்பம் என்ற பெருமையான பேச்சாகிவிடுமாம். தன் தகப்பன் வீடு அப்படிப்பட்டது என்று சொல்லி, புத்தகத்தை விரித்து முகர்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் மட்டும் என்ன? வாசலைத் தாண்டுகிற ஆளை 'போறன்' என்று சொல்ல விடுவோமா? 'போட்டு வாறன்' என்று, திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என் கணவர் அம்புலன்ஸில் ஏறும்போது, மூச்சு வாங்கியபடி, "போறன்" என்று மட்டும்தான் சொன்னார். அதை நான் மகளிடம்கூடச் சொன்னதில்லை. அன்று அந்தப் பெண்மணியிடம் சொல்லி அழுதேன். எவ்வளவு விளங்கியதோ, அந்த இரண்டு சொல்லையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

போன வருடம் அவர் மகனோடு இருக்க மான்செஸ்டர் போய்விட்டார். கீழே டாக்சி காத்திருக்க, என் கையைப் பிடித்து, எழுத்தெழுத்தாக, "போட்டு வாறன்" என்றார்.

எதிர் வீட்டில் இப்போது வேறு ஆட்கள்; கண்டால் தலையாட்டுவதோடு சரி. டிவி மறுபடியும் பகல் முழுக்க ஓடுகிறது. என் கணவர் சொல்லாமல் போன சொல்லை, தமிழ் தெரியாத ஒருவர் என் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனதால், வெளியே காலடிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன்.