டாக்டரிடம் "தப்பு" என்று சொன்ன ஸ்டெல்லா

வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்குத் தருமபுரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். என் மாணவி ஸ்டெல்லா மாரண்டஹள்ளிப் பொண்ணு. கெட்டிக்காரி. ஆனால் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவாள்.

ஜெர்மனி ஆஸ்பத்திரியின் முதல் இன்டர்வியூவில் அதனால்தான் கோட்டை விட்டாள். "எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். புரிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை" என்று எழுதிவிட்டார்கள்.

அப்புறம் தினமும் நான் டாக்டராக நடித்தேன். வேண்டுமென்றே மருந்தளவைத் தப்பாகச் சொல்வேன். அவள் மறுக்க வேண்டும்.

"டாக்டர்கிட்டயே தப்புன்னு எப்படிங்க மேடம் சொல்றது? மரியாதையில்லைங்களே!"

"அந்த ஊர்ல சொல்லாம இருக்கறதுதாம்மா மரியாதையில்ல."

இன்று ஆன்லைனில் இரண்டாவது இன்டர்வியூ. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெர்மன் டாக்டர் ஒரு மருந்தின் அளவைப் பல மடங்கு கூட்டிச் சொல்லி, "நோயாளிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

போச்சு, தலையாட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

"கொடுக்க மாட்டேன் டாக்டர். அளவு தப்பு. தயவுசெய்து மறுபடி பாருங்கள்" என்றாள், கொஞ்சமும் திக்காத ஜெர்மனில்.

அவர் சிரித்துவிட்டார். "எப்போது வேலையில் சேருகிறீர்கள்?"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். "வா, டீ போடறேன்" என்றேன்.

"வேணாங்க மேடம். உங்க டீ நல்லாவே இருக்காதுங்க."

இத்தனை நாளும் "சூப்பருங்க" என்று குடித்தவள்!

வேறு யாரெல்லாம் அப்படிக் குடித்தீர்கள்? கமெண்டில் உண்மையைச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்கிறேன்.