ரோலின் முதல் படம்

நேற்று அலமாரியைத் திறந்ததும் பூசண வாசனை அடித்தது. பழைய கேமராப் பையிலிருந்துதான். லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சிலந்திக் கால் போல ஏழு இழைகள். மறுபடி எண்ணினேன், ஏழுதான். எண்ணாமல் இருக்க எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், ஓய்வு பெற்ற கையோடு, மேற்குத் தாம்பரம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து நிலாவைப் படமெடுக்க ஆரம்பித்தேன். அரை நிலா நாட்களில், விளக்கு வைக்கும் நேரத்தில். மின்சார ரயில் போனால் முக்காலி நடுங்கும். இரண்டு ரயில்களுக்கு நடுவே நான்கு படம் எடுத்தால் பெரிய காரியம்.

ஸ்டூடியோ அன்வர் பாய் ஃபிலிமைக் கழுவி, ஆறு ஆறு படமாக வெட்டித் தருவார். முதல் ரோலில் ஐந்து நிலாக்கள் நடுவில் வெட்டுப்பட்டிருந்தன. சண்டைக்குப் போனேன்.

"பூரா ஒரே மாரி கீது சார், எது எங்க முடியுதுன்னு எப்டித் தெரியும்? மொதல்ல ஒரு மூஞ்சி எடுத்துடுங்க, அத வச்சு அளந்து வெட்டிடறேன்." பிறகு சிரித்தார். "நோம்புப் பிறை பாக்க நாங்களே இவ்ளோ பேஜார் படல சார்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ரோலிலும் முதல் படம் என் மனைவி. கையில் கரண்டியோடு மாடிக் கதவருகே வந்து நிற்பாள்.

"சீக்கிரம் எடுங்க, அடுப்புல பால் இருக்கு. உங்க நெலாவுக்கு நான் அளவுகோலா?"

"அளவுகோல்தான்."

அவள் சிரிப்பதற்குள் அழுத்திவிடுவேன். பாயிடம் மறக்காமல் சொல்வேன்: "முதல் படம் பிரிண்ட் வேணாம், நிலா மட்டும் போதும்." ஆல்பத்தில் வரிசை கெட்டுவிடுமே என்ற கவலை எனக்கு.

அப்படி இருபத்திரண்டு ரோல். அவள் போன பிறகு கேமராவைத் தொடவில்லை. பிறகொரு மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கீழ்த்தட்டிலிருந்த நெகட்டிவ்களும் கல்யாண ஆல்பமும் ஒட்டிக் கட்டியாகிவிட்டன. நிலா ஆல்பங்கள் மேல்தட்டில் இருந்தன. அவற்றை மட்டும் உயரத்தில் வைத்தது நான்தான். இப்போது மிச்சமிருப்பது அவளுடைய வாக்காளர் அட்டை. அதிலிருப்பது அவளென்று நான் சொன்னால்தான் தெரியும்.

நேற்று மாலை, மகன் எப்போதோ வாங்கித் தந்த டிஜிட்டல் கேமராவோடு மாடியேறினேன். இதில் ஃபிலிம் இல்லை, வெட்ட ஆளும் தேவையில்லை. பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். ஆனாலும் கை தானாகக் கதவுப் பக்கம் திரும்பி அழுத்திவிட்டது. படத்தில் கதவு விழுந்திருக்கிறது, கொடியில் என் இரண்டு சட்டைகளும்.

மேலே அரை நிலா இருந்தது. எடுக்கவில்லை. ஆடியதும் ஆடாததுமாக ஏற்கெனவே எண்ணூற்று ஒன்று இருக்கின்றன.