ஒண்ணு கழிங்க

அந்தத் தெருவுல அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. "அரை இன்ச்சு" தான். இடுப்புல அரை இன்ச்சு விடலாமா, கைநீளத்துல அரை இன்ச்சு குறைக்கலாமான்னு நாள் முழுக்க அந்த அரை இன்ச்சோடயே குடும்பம் நடத்துற டெய்லரு. "விடுப்பா, அரை இன்ச்சுல என்ன குடிமுழுகிப் போயிடும்"னு யாராவது சொல்லிட்டாப் போதும். கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, "உங்க சட்டைக் காலர்ல அரை இன்ச்சு குறைச்சுத் தரேன், போட்டுக்கிட்டு மூச்சு விட்டுப் பாருங்க"ம்பாரு.

கடைனா பெரிய கடை இல்ல. ஒரு மெஷினு, ஒரு கட்டிங் டேபிளு, சுவத்துல முழு ஆள் கண்ணாடி ஒண்ணு. அந்தக் கண்ணாடியோட கீழ்ப்பாதி ரசம் போயி, யாரு நின்னாலும் முட்டிக்குக் கீழ புகைமூட்டமாத் தெரியும். அவரு கழுத்துல எப்பவும் ஒரு மஞ்ச டேப்பு தொங்கும். விசேஷ வீட்டுக்கே டேப்போட போயி நின்னு, பொண்டாட்டி கண்ணால ஜாடை காட்டின அப்புறம் சுருட்டிப் பாக்கெட்டுல போடுற ஆளு.

அந்த டேப்பு ஒரு மொண்ணை டேப்பு. நுனியில தகரம் இருக்கும்ல, அது எப்பவோ பிஞ்சு, மொத இன்ச்சு நார் நாராப் போச்சு. ஒண்ணுங்கிற கோட்டுல கத்திரியை வச்சு நறுக்குன்னு வெட்டி விட்டுட்டாரு. அதனால அது ஒண்ணுல தான் ஆரம்பிக்கும். முப்பத்தாறு காட்டுச்சுனா முப்பத்தஞ்சுன்னு அர்த்தம். அவரு கண்ணு தானாக் கழிச்சுக்கும், குனிஞ்சு பாக்காமயே கால் செருப்பைத் தேடி மாட்டிக்குமே, அது மாதிரி.

"ஏங்க, புதுசு ஒண்ணு வாங்கினா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"ன்னு பொண்டாட்டி கேட்டா, "புது டேப்பு வளவளன்னு நழுவும். இது என் கைக்குப் பழகினது"ன்னு வாயை அடைச்சுடுவாரு.

அவருக்கு ஒரே பொண்ணு. கட்டிக்குடுத்த இடம் பெரிய பேக்கரி. கீழ கடை, மேல வீடு. சம்பந்தி நல்ல உயரம், நல்ல உடம்பு, குரல் அதுக்கும் மேல. அவரு பேசினா அலமாரியில பன்னு எல்லாம் ஒரு தடவை அதிரும். கெட்டவரே கிடையாது. ஆனா டெய்லருக்கு அந்த வீட்டுக்குப் போனா என்னவோ ஒரு கூச்சம். சோபாவுல நுனியில தான் உக்காருவாரு, யாராவது எழுந்திருன்னு சொல்லிடுவாங்களோங்கிற மாதிரி. யாராவது வந்தா, "இவரு எங்க மருமகளோட அப்பா"ன்னு சம்பந்தி சொல்லுவாரு. அதோட சரி. அதுக்கு மேல சொல்ல என்ன இருக்குன்னு இவருக்கே தோணும்.

ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது ஒண்ணே ஒண்ணு தான், தூண்டிலு. ஞாயித்துக்கிழமை ஆனா ஏரிக்கரையில ஆளுக்கு ஒரு பக்கம் உக்காந்திருப்பாங்க. கரைமேல தூண்டில் கடை ஒண்ணு இருக்கு. அந்தக் கடைக்காரருக்குப் பட்டப்பேரு "சாட்சி". யாரு என்ன மீன் புடிச்சாலும் அவரு கண்ணால பாத்து அளந்தாத் தான் செல்லும். கடை வாசல்ல ஒரு போர்டு. அந்த ஏரியில புடிச்ச பெரிய மீனெல்லாம் அதுல பெயின்ட்டுல எழுதியிருக்கும். அதுல மேல இருந்தது, "பேக்கரி, வாளை, நாப்பதரை இன்ச்சு." சம்பந்தி அந்த வழியாப் போனா போர்டைப் பாத்து மீசையைத் தடவாம போகமாட்டாரு.

போன மழைக்காலத்துல தான் அது நடந்துச்சு. டெய்லரு தூண்டில்ல ஒரு வாளை மாட்டிச்சு. மீனா அது! இவரை ஏரிக்குள்ள இழுத்துட்டுப் போகப் பாத்துச்சு. சம்பந்தி அந்தக் கரையில இருந்து வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வந்து, இடுப்பளவு தண்ணியில இறங்கி, செவுளைப் புடிச்சுத் தூக்கினாரு. ரெண்டு பேரும் சேத்துல உருண்டு எழுந்து, கொழந்தையைத் தூக்குற மாதிரி அதைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனாங்க.

கடையில அளக்குற பலகை மூணடி தான். மீன் வாலு வெளிய தொங்குது. சாட்சி இரும்பு டேப்பைத் தேடுறாரு, கெடைக்கல. அப்ப சம்பந்தி தான் சொன்னாரு:

"எதுக்குய்யா தேடுறே? எங்க சம்பந்தி பாக்கெட்டுல டேப்பு இருக்கும். அவரு டேப்பு பொய் சொல்லாது."

டெய்லரு நுனியை மீன் மூக்குல வச்சுப் புடிச்சுக்கிட்டாரு. வால் பக்கம் சாட்சி இழுத்துப் பாத்துப் படிச்சாரு: "நாப்பத்தி ஒண்ணு!"

கரையே கத்திச்சு. சம்பந்தி இவரை அப்படியே அலாக்காத் தூக்கிட்டாரு. டெய்லரு கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, சட்டையெல்லாம் செதிலு. மீனை ரெண்டு வீட்டுக்கும் பங்கு போட்டு வறுத்துத் தின்னாங்க. போர்டுல மேல, "டெய்லர், வாளை, நாப்பத்தி ஒண்ணு."

அன்னையில இருந்து அந்த வீட்டுல யாரு வந்தாலும் சம்பந்தி குரலை உசத்திச் சொல்லுவாரு: "இவரு தான் எங்க சம்பந்தி. ஏரியிலயே பெரிய மீன் புடிச்சவரு!" டெய்லரும் மெதுவா மெதுவா சோபாவுல சாஞ்சு உக்காரப் பழகிட்டாரு.

இப்ப பேத்தி பொறந்திருக்கா. அடடா, அந்தச் சந்தோஷத்தை எந்த டேப்பால அளக்குறது! கைவெரலு ஒவ்வொண்ணும் நூல்கண்டு நுனி மாதிரி. கொட்டாவி விட்டா மொகம் பூரா வாயாயிடும். ஆஸ்பத்திரியில இருந்து பேக்கரி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து ஒரு வாரம் இருக்கும், மொதச் சட்டை என் கையால தான்னு டெய்லரு மல்லுத் துணியோட மாடியேறினாரு. கீழ இருந்து ரொட்டி வாசனை. கட்டில்ல பேத்தி காலை ஒதைச்சுக்கிட்டுக் கெடக்கா.

"உசரத்தையும் பாத்துடலாம்"னு சொல்லி, டெய்லரு நுனியைத் தலைப்பக்கம் வச்சாரு. சம்பந்தி முந்திக்கிட்டு, குதிகாலை ரெண்டு வெரலால நீவி நேராக்கி, மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சாரு.

"இருபது! ஏம்மா, ஆஸ்பத்திரியில நர்ஸம்மா பத்தொம்பதுன்னு தான சொன்னாங்க? ஒரே வாரத்துல ஒரு இன்ச்சு! எங்க வம்சம்டா இது!"

"மாமா, கத்தாதீங்க, பயந்துக்கப் போறா"ன்னா பொண்ணு சிரிச்சுக்கிட்டே.

கதவுகிட்ட துணி மடிச்சுக்கிட்டிருந்த டெய்லரு பொண்டாட்டி நிமிராமயே சொன்னாங்க: "ஒண்ணு கழிங்க. அது மொண்ணை டேப்பு."

"அட, அப்படியா? ஏமாத்திப்புட்டியேடி கழுதை"ன்னு சம்பந்தி பேத்தி வயித்துல மூக்கை வச்சுத் தேச்சாரு. அவ்வளவு தான், அவரு அதை மறந்துட்டாரு.

டெய்லரால தான் மறக்க முடியல. தானாப் படிச்சா கண்ணு கழிச்சுடும். அடுத்தவங்க படிச்சா? அன்னைக்குப் படிச்சது சாட்சி. நாப்பத்தி ஒண்ணுன்னாரு. கழிச்சா நாப்பது. சம்பந்தியோடது நாப்பதரை.

சட்டைக்கு அளவு எடுக்காமயே, தலைவலிக்குதுன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டாரு.

நேரா ஏரிக்கரைக்குப் போனாரு. போர்டு முன்னாடி நின்னாரு.

"என்ன அரை இன்ச்சு, தெனம் வந்து பாத்தா மீன் இன்னும் வளந்துடுமா?"ன்னாரு சாட்சி.

"அன்னைக்கு நீங்க நாப்பத்தி ஒண்ணுன்னு படிச்சீங்களே, நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"நீங்க எங்க சொன்னீங்க? கேவிக் கேவி அழுதீங்க. ஏன், என்ன விஷயம்?"

டெய்லரு டேப்பை எடுத்து நுனியைக் காட்டினாரு. சாட்சி அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"நான் படிச்சது தப்பில்ல. அதுல நாப்பத்தி ஒண்ணு தான் போட்டிருந்துச்சு"ன்னாரு கடைசியில, தன் பட்டப்பேருக்கு ஏதோ பழி வந்துட்ட மாதிரி. அப்புறம் குரலை எறக்கி, "மீனு செத்தாச்சு, தின்னாச்சு, செரிச்சாச்சு. யாரு வந்து கேக்கப் போறா? பேசாம போங்க"ன்னாரு.

பேசாம தான் வந்தாரு. ஆனா வழியெல்லாம் வேற ஒண்ணு உறுத்திச்சு. இந்த ஒரு வருஷமா சம்பந்தி ஒரு ஞாயித்துக்கிழமை விடல. மழையில குடையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு, தும்மல் போட்டுப் போட்டு இருக்கிற மீனையும் வெரட்டுவாரு. "நாப்பத்தி ஒண்ணைத் தாண்டாம விடமாட்டேன் சம்பந்தி"ம்பாரு. இவரும் பெருந்தன்மையா, "வரும் வரும், அவசரப்படாதீங்க"ன்னு தோளைத் தட்டுவாரு. அந்தத் தட்டலை நெனைச்சா இப்ப கை கூசுது.

வீட்டுல பொண்டாட்டிகிட்ட சொன்னாரு.

"சொல்லிட வேண்டியது தான? சொன்னா என்ன ஆகும்?"

"என்ன ஆகும். பழையபடி சோபா நுனி தான்."

அந்தம்மா இடுப்புல கையை வச்சாங்க. "நான் அந்த வீட்டுல நல்லாச் சாஞ்சு காலை நீட்டித் தான் உக்காருறேன். நான் என்ன மீனா புடிச்சேன்?"



மறுநாள் காலையில பேக்கரிக்குப் போனாரு. சம்பந்தி முழங்கை வரைக்கும் மாவோட, சூடு தட்டுல இருந்து பன்னை எடுத்து அடுக்கிட்டு இருந்தாரு.

"வாங்க சம்பந்தி! பேத்தி இன்னும் தூங்குறா. ராத்திரியெல்லாம் கச்சேரி."

"நான் உங்களைப் பாக்கத் தான் வந்தேன். அந்த மீனு..."

"எந்த மீனு?"

"நம்ம மீனு தான். அது நாப்பத்தி ஒண்ணு இல்ல. நாப்பது."

டேப்பை மேஜைமேல வச்சு, ஒண்ணுங்கிற நம்பரைத் தொட்டுக் காட்டினாரு. மூக்குல வச்சது இந்த நுனி, படிச்சது சாட்சி, கழிக்க மறந்தது நான். அவ்வளவையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு, தலையைக் குனிஞ்சு நின்னாரு, தைச்சுக் குடுத்த துணியில கறை பட்டுப்போன மாதிரி.

சம்பந்தி தட்டைக் கீழ வச்சாரு. மொகத்துல மொதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் மெல்ல, ரொம்ப மெல்ல, பள்ளிக்கூடம் லீவுன்னு கேட்ட பையன் மாதிரி கண்ணு விரிஞ்சுது.

"அப்ப... என் மீனு தான் பெருசா?"

"ஆமா. அரை இன்ச்சு."

"மழையில நனைஞ்சேனே சம்பந்தி! மூக்கொழுகிக்கிட்டு ஒரு வருஷமா உக்காந்திருந்தேனே! வீட்டுல எத்தனை திட்டு!"

"மன்னிச்சுக்குங்க."

"என்னத்தை மன்னிக்குறது? உங்க டேப்புல அளக்கச் சொன்ன புத்திசாலி யாரு, நான் தான?" மாவுக்கையாலயே இவரு தோளைப் புடிச்சாரு. சட்டையில அஞ்சு வெரலும் வெள்ளையாப் பதிஞ்சுது. அப்புறம் குரல் கொஞ்சம் கம்மிச்சு. "ஒண்ணு சொல்லவா? போர்டு அப்படியே இருக்கட்டும். அந்த மீனை நீங்க புடிச்சப்ப உங்க மொகத்துல இருந்த சந்தோஷத்தை நான் தான் பக்கத்துல இருந்து பாத்தேன். அதை அழிக்க எனக்கு மனசு வரல."

டெய்லரு தலையை ஆட்டினாரு. "வேணாம். நாளைக்கு நம்ம பேத்தி படிக்கத் தெரிஞ்சு அந்த போர்டைப் பாத்து, இவ்வளவு பெரிசா தாத்தான்னு கேப்பா. நான் எந்த மூஞ்சியோட ஆமான்னு சொல்லுவேன்?"

அந்த நேரம் பாத்து ரொட்டி வாங்க ஒரு அம்மா உள்ள வந்தாங்க. "யாருங்க இவரு?"ன்னாங்க, தோள்ல இருந்த மாவுக்கையைப் பாத்து.

டெய்லரு காத்திருந்தாரு. எங்க மருமகளோட அப்பான்னு சொல்லப் போறாரு, அதோட சரி.

சம்பந்தி நெஞ்சை நிமித்தினாரு. பன்னெல்லாம் அதிர்ந்துச்சு.

"இவரு தான் எங்க சம்பந்தி. ஏரியிலயே ரெண்டாவது பெரிய மீன் புடிச்சவரு! மொத மீன் யாருதுன்னு கேளுங்க!"

அந்தம்மா பாவம், கேட்டாங்க.

ஞாயித்துக்கிழமை போர்டு மாறிச்சு. பெயின்ட்டு டப்பாவைப் புடிச்சுக்கிட்டு நின்னது டெய்லரு தான். சாட்சி நாப்பதுன்னு எழுதி முடிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்கல. சம்பந்தி நாலடி தள்ளி நின்னு, ரெண்டு தடவை மீசையைத் தடவிக்கிட்டாரு.

பொண்டாட்டி அந்த மொண்ணை டேப்பைப் புடுங்கி வச்சுக்கிட்டு, புதுசு ஒண்ணைக் கழுத்துல மாட்டி விட்டாங்க. அதுல தான் டெய்லரு பேத்திக்கு மறுபடி அளவெடுத்தாரு. மாரு, நீளம், கையி, எல்லாம் தானே பாத்து, தானே படிச்சு, ராவோட ராவா வெட்டி, கழுத்துக்குச் சின்னதா லேஸு வச்சு, தையல் உறுத்தக் கூடாதுன்னு மடிப்பையெல்லாம் வெளிப்பக்கமாத் திருப்பித் தைச்சு எடுத்துட்டுப் போனாரு.

பொண்ணு போட்டு விட்டா. ஒரு பட்டன் கூட எட்டல. சட்டை தொப்புளுக்கு மேலயே நின்னுடுச்சு. பேத்தி தொப்பையைத் தள்ளிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி கொட்டாவி விட்டா.

டெய்லருக்கு மொகம் செத்துப்போச்சு. பொண்டாட்டி அந்தச் சட்டையைப் பாத்தாங்க, புது டேப்பைப் பாத்தாங்க, வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"ஏங்க, இதுலயுமா ஒண்ணு கழிச்சீங்க?"

சம்பந்தி சிரிச்ச சிரிப்புல கீழ கடையில இருந்தவங்க மேல ஏறி வந்துட்டாங்க. "மீனுக்கு ஒரு இன்ச்சு கூட, பேத்திக்கு ஒரு இன்ச்சு கம்மி! கணக்கு நேராயிடுச்சு சம்பந்தி, உக்காருங்க, உக்காருங்க!"

டெய்லரு உக்காந்தாரு. பேத்தியை மடியில வாங்கிக்கிட்டதால முதுகுக்குப் பிடிமானம் வேணும்ல, சோபாவுல நல்லாச் சாஞ்சுக்கிட்டாரு. பிரிச்சுத் தைக்கலாமா, புதுசா வெட்டலாமான்னு யோசிச்சுக்கிட்டே, வெளிய தெரிஞ்ச அந்த ஒரு இன்ச்சு வயித்து மேல உள்ளங்கையை வச்சு மூடிக்கிட்டாரு, குளிரக் கூடாதுன்னு.