பாவு கலைக்காத திருடன்

தில்லையம்மாளின் விரல்கள் பாவில், அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூலில், அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தன. அவள் வீட்டுப் பாவு அல்ல. தெருக்கோடி வீட்டுப் பாவு. பெரிய காஞ்சிபுரத்தில் அவர்கள் தெருவில் யார் பாவு நீட்டினாலும், விடிந்ததும் எல்லோரும் கைகொடுக்கப் போவார்கள். வீட்டைப் பூட்டுகிற வழக்கம் இல்லை.

அவள் கணவர் வேணுகோபால் பக்கவாதத்தில் படுத்து நான்கு வருடம். பேச்சு இல்லை. புண் வராமல் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸான நான். ஒருமுறை கண் சிமிட்டினால் ஆமாம், இரண்டுமுறை என்றால் இல்லை என்று அவரைப் பழக்கியதும் நான்தான். அவரைப் புரட்டுகிற இடைவெளிகளில் அவள் தறியில் உட்காருவாள். குடும்பம் அதில்தான் நடந்தது.

அன்று ஏழு மணிக்கு நான் அவள் வீட்டுக்குப் போனபோது, தெருக்கோடியிலிருந்து திரும்பியிருந்த தில்லையம்மாள் தன் தறி முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். முந்தின நாள் முடித்த முகூர்த்தப் புடவையை யாரோ அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். ஆனால் மீதிப் பாவு நழுவிவிடாதபடி இழைகளைக் கொத்துக் கொத்தாக முடிந்து வைத்திருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் ஆயிரக்கணக்கான இழைகளையும் மறுபடி கோக்க வேண்டும். வேணுகோபால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை.

"நான் பொரட்டலக்கா" என்றாள்.

பட்டு கொடுத்து நெய்யச் சொன்ன பூவராகவன் வந்து பார்த்தார்.

"இன்னாம்மா, திருடன் உனுக்கு வேலைய மிச்சம் பண்ணிட்டுப் போனானா? காபி போட்டுக் குடுக்கலியா?"

"என் வூட்டுக்காரர் மேல சத்தியமா நான் அறுக்கலைங்க."

"நாளைக்குக் காலைல வரைக்கும் பாக்கறேன். அப்புறம் போலீசு பாத்துக்கும்."

தாறுமாறாக வெட்டிப் போட்டிருந்தால் அவர் அவளை நம்பியிருப்பார்.

அவர் போனபின் முடிச்சுகளைப் பார்த்தோம். எல்லாமே இடதுபக்கம் திருகியிருந்தன. தில்லையம்மாள் வலக்கைக்காரி. அந்தத் தெருவில் இடக்கை நெசவாளி எதிர்வீட்டு தேவேந்திரன் ஒருவன்தான். நான்கு வருடமாக ஒருநாள்விட்டு ஒருநாள் வந்து வேணுகோபாலுக்குச் சவரம் செய்கிறவன். புரட்டவும் தெரிந்தவன்.

"தேவேந்திரனா வந்தது?" என்று அவள் கணவரைக் கேட்டாள்.

அவர் கண்ணை மூடினார். திறக்கவே இல்லை.

"பாத்தியாக்கா, இந்த மனுசன் அவனக் காட்டிக் குடுக்க மாட்டாரு."

"நீ சொல்லாவிட்டால் உன்னைத்தான் கூட்டிப்போவார்கள். இவரை யார் புரட்டுவது?" என்றேன்.

அவள் ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "பாவு வீணாவக் கூடாதுன்னு நெனச்சவன், என் பேரு இன்னா ஆவும்னு நெனைக்கலியே" என்றாள்.

எனக்கும் அவன்மேல் ஆத்திரம்தான். ஆனால் அவன் வைத்த அந்தத் தலையணை சரியான இடத்தில் இருந்தது. அதை நான் எப்படி இல்லை என்று சொல்வது?

மறுநாள் காலை தில்லையம்மாள் பூவராகவனைக் கூட்டிவந்து, செல்போன் வெளிச்சத்தில் முடிச்சுகளைக் காட்டினாள். "நீங்களும் தறியில குந்துனவருதான். யாரு கைன்னு நீங்களே பாருங்க."

அவர் குனிந்து இரண்டு மூன்று முடிச்சுகளைத் தொட்டார். பிறகு எதிர்வீட்டை நோக்கி நடந்தார்.

அவள் பார்க்கவில்லை. சவரக் கத்தியும் சோப்பும் எடுத்துவந்து, கணவரின் தாடையில் தானே நுரை தடவினாள். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.