நான்கு கண்ணுக்கும் நான்கு பொட்டு

1. முதல் நாளே எல்லைத் தகராறு

இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், இடிந்து மண்மூடிக் கிடந்த பழைய லயம் ஒன்றை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, எங்கள் குழு அகழ்ந்தது. ஓர் அம்மி, உடைந்த அகல்விளக்கு, எனாமல் கோப்பைத் துண்டுகள், வளையல் சில்லுகள், குடும்பத்துக்கு ஓர் அறையாக இருந்த ஐந்து காம்பராக்களின் அத்திவாரம் ஆகியவை வெளிப்பட்டன. அவற்றை அளந்து, படமெடுத்து, வீ.ஆர். கண்ணாடிக்குள் அந்த லயத்தை மறுபடி எழுப்புவது என் பணி. கண்ணாடியை அணிந்தவர் பழைய காம்பராவுக்குள் நிற்பார். அவர் நடந்தால் காட்சியும் நகரும். அவர் காண்பதை மற்றவர்கள் தொலைக்காட்சித் திரையில் பார்க்கலாம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தோட்டத்துப் பங்களாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் வேன்களை நிறுத்த, அந்த அத்திவாரத்தை மண்போட்டு மூடுவதென்று தோட்ட முகாமையாளரான பெரிய துரை தீர்மானித்திருந்தார். ஆயுத பூசை கழிந்ததும் மண் தள்ளும் பெக்கோ இயந்திரம் வந்துவிடும். அதற்குமுன் அவரை ஒருமுறை அந்த லயத்துக்குள் நிறுத்திவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

முதற்காட்சியைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் கூடத்தில், நடத்தினோம். மக்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டே கண்ணாடியை மாட்டினார்கள். வியப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சண்டை பிடித்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், கண்ணாடி அணிந்து நடந்தவரை அதட்டினார்.

"மாமா, வெளிய வாங்க. அது எங்க தாத்தா பொறந்த மூணாம் காம்பரா."

"பாக்கத்தானப்பா வந்தேன். ஒங்க அம்மியத் தூக்கிக்கிட்டா ஓடப்போறேன்?"

"பாக்குறதுன்னா வாசல்ல நின்னு பாருங்க. அடுப்படி வரைக்கும் எதுக்குப் போறீங்க?"

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பொன்னையா இரு தரப்பையும் விசாரித்து, அவரவர் குடும்பம் அவரவர் காம்பராவுக்குள் மட்டுமே நுழையலாம் என்று தீர்ப்பளித்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"மிஸ், இந்தக் காம்பராவுக்காச்சும் உறுதி எழுதிக் குடுப்பீங்களா?"

இன்று குடியிருக்கும் வீட்டுக்கே நில உரிமைப் பத்திரமான காணி உறுதி கிடைக்காத மனிதர் அவர். கேட்டது வேடிக்கையா விண்ணப்பமா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

2. பூசைக்கு மறுநாள்

கண்ணாடியைப் பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர் செல்வி அக்காவிடம் ஒப்படைத்திருந்தேன். பூசைக்கு மறுநாள் காலை சென்றபோது அங்கிருந்த கேஸ் அடுப்பு, தையல் மெஷின், பிள்ளைகளை நிறுக்கும் தராசு ஆகிய அனைத்தும் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. அவற்றுக்கு நடுவே, கழுத்தில் செவ்வந்திச் சரத்துடன், என் கண்ணாடி வீற்றிருந்தது.

அதன் முகப்பில் நான்கு மூலைகளிலும் நான்கு கெமராக்கள் உண்டு. அணிந்தவர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்பதை அவைதாம் கவனித்துச் சொல்லும். நான்கின் மீதும், மில்லிமீட்டர் பிசகாமல், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் இடப்பட்டிருந்தது.

"நாலு கண்ணு இருந்துச்சு மிஸ்," என்றார் செல்வி அக்கா. "ஒண்ணுக்கு வச்சு மத்ததுக்கு வைக்கலன்னா கோவிச்சுக்கும்ல?"

துணியை எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு சமூகம் அன்போடு இட்ட பொட்டை, அச்சமூகத்தின் கண்ணெதிரே துடைப்பதன் விளைவுகளை நான் நிதானமாக எடைபோட்டுக்கொண்டிருக்கையில், வெளியே ஜீப் ஹோர்ன் அடித்தது. காட்சியைப் பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்திய நாளே பெரிய துரை வந்துவிட்டார். உள்ளே நுழைந்த வேகத்தில் கண்ணாடியைத் தாமே எடுத்து மாட்டிக்கொண்டார்.

3. துரை வெளியே வர முயன்றது

தலையைத் திருப்பினால் காட்சி திரும்பியது. அது கெமராவின் தயவில்லாமலும் நடக்கும். துரை கூரையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், "நல்லா செஞ்சிருக்கு மிஸ்" என்றார். பிறகு வாசலை நோக்கி நடந்தார். வாசல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்னா இது? நான் நடக்கிறேன், கதவு கிட்ட வரமாட்டேங்குது!"

"சேர், கெமரா மறைஞ்சிருக்கு. கழட்டிருங்க," என்றேன்.

"வேணாம். நான் கதவு வழியாத்தான் போவேன்." வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் தொழிலாளரை விரட்டும் அதே குரலில் கத்தினார்: "கணக்கப்பிள்ளே! கதவத் தொற!"

உடன் வந்திருந்த கணக்கப்பிள்ளை ஓடிப்போய்ப் பிள்ளைக் காம்பராவின் கதவைத் திறந்தார்.

"காத்து வருது! கதவு இன்னும் தொறக்கலையே!"

"நல்லாத் தொறந்துதான் தொரை இருக்கு!"

துரை காற்று வந்த திசையில் பாய்ந்து, சேலைத் தொட்டிலில் சிக்கினார்.

"இது என்னா தொங்குது?"

"தொட்டில் தொரை," என்றார் செல்வி அக்கா. "ஏறிறாதீங்க, புள்ள தூங்குது."

ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லோரும் வாயைப் பொத்தியிருந்தார்கள். துரை கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். திரையிலோ அதே கரிபிடித்த சுவர், அதே அடுப்பு. இறுதியில் நின்றார்.

"எவ்வளவு நடந்தாலும் இந்தக் காம்பராவ விட்டு வெளிய போக முடியல்லியே!"

வாசலில் நின்ற பொன்னையா, மரியாதை குறையாமல் சொன்னார்: "நாங்களும் நாலு தலமுறையா நடந்துக்கிட்டுத்தான் தொரை இருக்கோம்."

துரை கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார். முகப்பைப் பிடித்திருந்த விரல்களால் நெற்றி வியர்வையை வழித்தார். நெற்றியில் குங்குமம் பட்டை போட்டது. அந்த நெற்றியுடனேயே அகழ்விடத்துக்கு இறங்கிப் போனார். மூன்றாம் காம்பராவின் அத்திவாரத்துக்குள் நின்றார். வாசற்கல்லைத் தாண்டி வெளியே வந்தார். திரும்ப உள்ளே போய், மறுபடி வந்தார்.

"வேன் எல்லாத்தையும் பங்களா டெனிஸ் கோர்ட்டுல போடு," என்றார் கணக்கப்பிள்ளையிடம். "இதுல கை வைக்காத."

4. கற்றுக்கொண்டது

இத்துறைக்கு வரும் இளையோருக்கு இரண்டு செய்திகள். பொட்டு வைக்க இடம் கொடுங்கள். தலைப்பட்டியில் தாராளமாக இடமுண்டு. அடுத்தது, நான் திட்டமிட்டுச் செய்த எந்தக் காட்சியும் அன்றைய கோளாறு சாதித்ததைச் சாதித்திருக்காது. ஆகவே அதை நிகழ்ச்சியிலேயே சேர்த்துவிட்டேன். வெளியிலிருந்து வரும் விருந்தினர் சற்றுநேரம் நடந்தும் காம்பராவைவிட்டு வெளியேற முடியாது. பிறகே கதவு நெருங்கும்.

தோட்டத்தவருக்கு அந்தப் பகுதி இல்லை. அவர்களுக்குக் கதவு முதலிலிருந்தே திறந்திருக்கும். அதன் வழியே வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் பொன்னையா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்து கேட்பார்: "உறுதி என்னாச்சு மிஸ்?"